கொட்டடிக்குக் கேளாத அழைப்பு

மழை பொய்க்காதிருக்க, எல்லை குலையாதிருக்க, குடிகள் அஞ்சாது வாழ்க. மருதவேலி நாடாளும் அதிராப்பெருமாள் மகாராசரின் திருவுள்ளப்படி, அவர்தம் அறங்கூறவையின் தலைமை அமைச்சன் கூத்தன் அரையனாகிய யாம், ஆழிமங்கலத் துறைநாயகம் எயினன் மழவராயர்க்கு எழுதி விடுத்த ஓலை. உம் துறையும், துறை சேர் கலங்களும், உம் மனையறமும் நலமே நிலவுக.

இவ்வோலை கைக்கு வந்த கணமே, தெற்குத் துறையில் காற்றுக்குக் காத்து நிற்கும் கலத்தை நிறுத்துக. ஆட்களை ஏற்றியிருந்தால் இறக்குக. மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

நிறுத்திவிட்டீராயின் மேலே கேளும். சாவளத் தீவிலிருந்து வந்து நம் கரையில் குடியேறிய நாற்பத்து மூவரைப் பிடித்து உப்புக் கொட்டடியில் அடைத்தீர் என்றும், நாட்டு முறைப்படி அவைவாயிலில் அவர்கள் பெயரை மும்முறை கூவியும் ஒருவரேனும் வந்து மறுமொழி சொல்லவில்லை என்றும், ஆகவே அனைவரையும் தீவுக்கே திருப்பியனுப்ப ஆணை வேண்டும் என்றும் சென்ற வளர்பிறையில் எழுதினீர். யாமும் முத்திரை இட்டோம். நாற்பத்து மூவரில் ஒருவருக்குக்கூடவா வாய் இல்லை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உச்சிப்பொழுது ஆகியிருந்தது, பசித்தது. வெட்கத்துடனே இதை எழுதுகிறோம்.

நேற்று உம் அவையில் பெயர் கூவும் பணியிலுள்ள ஆதன், இரண்டு நாள் நடந்து வந்து எம்முன் நின்றான். பெயர் கூவிய நாளன்று காலை அந்நாற்பத்து மூவர்க்கும் கொட்டடியில் தண்ணீர் ஊற்றியவன் தானே என்றும், பின்பு உப்பங்கழி கடந்து அரைக்காதம் வந்து, அவைவாயிலில் நின்று அதே பெயர்களைத் தொண்டை கிழியக் கூவியவனும் தானே என்றும், அவர்கள் இருக்குமிடம் தெரிந்தும், அங்கே போய்க் கூவும்படி எவரும் பணிக்காமையால் வாளாவிருந்துவிட்டதாகவும் அழுதுகொண்டே சொன்னான். மழவராயரே, கதவைப் பூட்டியவர் நீர். திறவுகோல் உம் இடையில். வரவில்லை என்று எழுதியவரும் நீரே. முப்பதாண்டாய் வழக்குக் கேட்கும் யாம் இப்படியொரு கூத்தைக் கண்டதில்லை.

அவ்வரிசையில் பதினேழாவது பெயர் வேம்பி. உம் துறைக் கலங்களுக்குப் பதினோராண்டாய்க் கயிறு திரிப்பவள். போர்ப்படகுக்குத் துடுப்பு வலிக்க ஆள் தர மறுத்து ஓடிய குடும்பங்களைச் சேர்ந்தோர் மீண்டும் தீவுக்கரையில் கால் வைத்தால் கழுவேற்றுவதாகச் சாவளத் தீவின் மன்னன் சூளுரைத்திருக்கிறான் என்றும், தன் குடும்பம் அவற்றுள் ஒன்று என்றும் அவள் ஆதனிடம் சொல்லியிருக்கிறாள். இது மெய்யா பொய்யா என்று யாம் அறியோம். நீரும் அறியீர். அறிந்துகொள்ளத்தான் முன்னோர் இப்பெயர் கூவும் முறையையே வைத்தார்கள். அவள் நல்லவள் என்பதற்காக யாம் பரியவில்லை. அவள் வாய்த்துடுக்கு மிக்கவள் என்றும், காவலன் ஒருவன் கையைக் கடித்தாள் என்றும் உம் ஓலையே கூறுகிறது. கடித்தவளுக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும், அதை நாம் கேட்டாக வேண்டும்.

அயலார்க்கு நம் முறை பொருந்தாது எனவும் எழுதியிருக்கிறீர். பொருந்தாதெனில் எந்த முறையைக் கொண்டு அவர்களைப் பூட்டினீர்? எல்லை காப்பது உம் கடமை, அதில் யாம் குறுக்கிடவில்லை. கேட்டறிந்த பின் போக வேண்டியவர் போகட்டும். ஆனால் கழுமரத்துக்கு அனுப்பிவிட்ட ஒருத்தியை, பிழை தெரிந்த பின் மீட்டுக்கொண்டுவர எக்கலத்தாலும் ஆகாது. அதை நினைத்தால் எமக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஆணை. முன்னைய ஓலை செல்லாது. எம்மிடமுள்ள அதன் படியின் முத்திரையை மகாராசர் காண யாமே உடைத்தோம். கொட்டடிக் கதவைத் திறந்து, உள்ளே சென்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்தம் மொழி அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்மேல் உள்ள குற்றம் இன்னதென்று சொல்லுக. மறுமொழிக்குப் பதினைந்து நாள் தவணை தருக. வேம்பிக்குப் பிணை நிற்கக் கயிறு திரிப்போர் பத்துப்பேர் உம் வாயிலில் நிற்கிறார்களாம், அவர்களைத் துரத்தாது உள்ளே விடுக. ஆதன்மேல் சினம் கொள்ளற்க. அவன் எம் பாதுகாப்பில் இருக்கிறான்.

இனி உமக்கும் ஓர் அழைப்பு. அடுத்த நிறைமதியன்று தலைநகர் அவையில் உம் பெயர் மும்முறை கூவப்படும். எதன்பொருட்டு என்பதை மேலே விளங்க எழுதியிருக்கிறோம். உமக்காகப் பேச எவரை வேண்டுமாயினும் அழைத்து வருக. அதுவரை உம்மை எவரும் எங்கும் பூட்டி வைக்க மாட்டார்கள். உம்மைக் கேட்டு முடித்தபின், முத்திரை இட்டவன் என்ற முறையில் எம் பெயரும் அங்கே கூவப்படும்.

இது மகாராசர் திருமுன் வாசித்துக் காட்டி, அவர் சரியெனத் தலையசைத்தபின், மருதவேலிக் கொற்றத்தின் இலச்சினை இட்டு விடுத்தது. ஓலை கொணர்ந்த வீரன் குதிரையை விட்டு இறங்க மாட்டான். கலம் நின்றது என்னும் ஒரு சொல்லை அவனிடம் சொல்லியனுப்புக. அச்சொல் வரும்வரை யாம் அவையை விட்டு எழுவதாயில்லை.