வத்திராயிருப்பில் ஏறும் பாடங்கள்

துறை அலமாரியை இன்று காலையில் ஒழித்து வைத்தேன். பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் உன் கைக்குட்டை கிடந்தது, முடிச்சுப் போட்டபடி. அவிழ்த்தால், சேலையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்ன மைக். மின்விசிறிக் காற்று குரலோடு சேர்ந்து பதிவாகக் கூடாது என்று அதைத் துணியில் சுற்றிக்கொண்டுதான் நீ பேசுவாய். துணியில் தலைவலித் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. உனக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு நீ கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பையில் தைலம் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாய்.

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. நேரில் சொல்ல நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். உன் பாடம் பிழைத்துவிட்டது.

எதிலிருந்து பிழைத்தது என்று கேட்பாய். நம் நிர்வாகத்தின் ஐந்து கல்லூரிகளுக்கும் இருந்த பழைய இணைய வகுப்புத் தளத்தை இந்த வருடம் மூடிவிட்டார்கள். கொரோனா காலத்தில் அவசரத்துக்குப் பிடித்தது, அடிக்கடி படுத்துக்கொள்ளும், உனக்குத் தெரியாததா? புதுத் தளம் ஒன்றை வாங்கி, இருக்கிற பாடங்களையெல்லாம் கோடை விடுமுறைக்குள் அங்கே மாற்றச் சொன்னார்கள். நம் ராஜபாளையம் கல்லூரிக்கு அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது தெரியுமா? மெயில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்கிற என் தலையில். நீ இருந்திருந்தால் சிரித்தே என்னை ராஜினாமா செய்ய வைத்திருப்பாய்.

மாற்றுவதற்கு ஒரு விதி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாடத்தையும் அதைத் தயாரித்த ஆசிரியரே திறந்து பார்த்து, சரி என்று சம்மதம் கொடுக்க வேண்டும். சம்மதம் வராத பாடம் பழைய தளத்தோடு அழிந்துவிடும். பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பி.காம். புள்ளியியல் என்ற வரியில் உன் பெயர் இருந்தது. எதிரே 'உரிமையாளர் இல்லை' என்று போட்டிருந்தது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. தர மதிப்பீட்டுக் குறிப்பு. 'பேச்சு வழக்கு மிகுதி. கல்லூரிப் பாடத்துக்குரிய தரம் போதாது.' கையெழுத்து என்னுடையது.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கல்லூரி திறந்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் இணையப் பாடத்தைத் தலைமுழுகிவிட்டுக் கரும்பலகைக்கு ஓடினோம். நீ மட்டும் பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து பதிவு செய்தாய். தினமும் வத்திராயிருப்பில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து ராஜபாளையம் வருகிறவள் நீ. உன்னோடு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமே வரும். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்தாய். அந்த நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி பாடத்தை நறுக்கினாய். வீடியோ கிடையாது, வெறும் குரல். ஒவ்வொன்றுக்கும் அது தொடங்குகிற நிறுத்தத்தின் பெயரையே வைத்தாய். சுந்தரபாண்டியம், கிருஷ்ணன்கோவில், பாலம், ரைஸ்மில், மடவார் வளாகம் என்று இருபத்திரண்டு பாடம். இதென்ன கூத்து என்று கேட்டதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறது.

"ஏட்டி, புள்ளைக கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வருதுக. கையும் சும்மா இல்ல, காலும் சும்மா இல்ல. காது மட்டுந்தான் சும்மா கெடக்கு."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்து அந்தக் குறிப்பை எழுதினேன். பொறாமையா என்றால் இல்லை. பாடம் என்றால் அதற்கு ஒரு சட்டை போட்டிருக்க வேண்டும், பொத்தான் கழுத்துவரை இருக்க வேண்டும் என்று நினைத்தவள் நான். வணிகச் சட்டம் நடத்துகிறவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை என் மூடியில் தள்ளிவிட்டு, "தின்னு, தரம் போதுமான்னு பாத்துச் சொல்லு" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை; அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். நோய் உனக்கு மூன்று மாதம்தான் கொடுத்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பாடும்போது சுவரோரமாக நின்றேன், பக்கத்தில் வரத் தைரியம் இல்லாமல்.

ஆக, உன் பாடம் அழிந்தால் அதற்கு விதி மட்டும் காரணம் ஆகாது. என் குறிப்பும் காரணம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு எல்லாமே எண்ணாக இருக்க வேண்டும். உன் பாடத்தைத் திறந்து காட்டினார். ஒரு தலைப்பும் இல்லை, அலகு எண்ணும் இல்லை, எல்லாம் ஊர்ப் பெயராகக் கிடக்கிறது, யாரோ சோதனைக்கு ஏற்றிப் பார்த்ததை அழிக்க மறந்துவிட்டார்கள் என்றே தான் நினைத்ததாகச் சொன்னார். போதாக்குறைக்கு புதுத் தளம் எல்லாவற்றையும் அகரவரிசையில் மாற்றி அடுக்கிவிட்டது. இனி எது முதல், எது பின் என்று யாருக்கும் தெரியாது. காப்பாற்ற ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். வரும் வருடம் அந்தத் தாளை நடத்தப்போகிற ஒருவர் உரிமையாளராகப் பெயர் கொடுத்து, பாடத்தை ஒழுங்காக அடுக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் காட்டி, ஒப்புதல் வாங்க வேண்டும்.

நானே நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கூட்டுத் தொகையே எனக்கு இரண்டு முறை போட்டால் இரண்டு விடை வரும்.

வீட்டில் உட்கார்ந்து இருபத்திரண்டையும் அடுக்கினேன். ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. நீ போன பிறகு உன் குரலைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை. பஸ் நிறுத்தங்கள்தானே, பெயரைப் பார்த்தே அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். எந்த நிறுத்தத்துக்கு அப்புறம் எது என்பது எனக்கு மனப்பாடம். அரை மணி நேரத்தில் முடித்து, பெருமையாக ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

ஆய்வுக் கூட்டத்துக்கு ஐந்து கல்லூரிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் முதல்வரம்மா நடுவில். ஒவ்வொரு பாடத்திலும் முதல் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டும். என் முறை வந்தது. முதல் பதிவை அழுத்தினேன். அந்தப் பெரிய அறை முழுக்க உன் குரல் எழுந்தது.

"சரி புள்ளைகளா, அம்புட்டுத்தான். இத்தன நாளு எங்கூட வந்ததுக்குச் சந்தோஷம். பரீட்சைக்குப் போறப்ப பேனா ரெண்டா எடுத்துட்டுப் போங்க. பயப்படாம எழுதுங்க. நான் வாரேன்."

அறையே சிரித்தது. பாடம் தொடங்கும்போதே விடைபெற்றுப் போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குக் காது சூடேறிக் கண் நிறைந்துவிட்டது. நான் கேட்காமல் போன உன் விடைபெறுதலை ஐந்து கல்லூரி ஆசிரியர்களுக்கு நடுவில் நின்று கேட்டேன்.

என்ன தப்பு நடந்தது என்று எனக்குப் புரியவேயில்லை. டீ கொண்டுவந்த லேப் அட்டெண்டர் அக்காதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். வத்திராயிருப்புக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் உன்னோடு அதே பஸ்ஸில் வந்தவர்.

"மேடம், பஸ்ஸ நீங்க திருப்பி ஓட்டிட்டீங்க. அவிய வத்ராப்புல ஏறி ராஜபாளையத்துல எறங்குவாக. நீங்க ராஜபாளையத்துல இருந்து ஏத்திருக்கீங்க."

ராஜபாளையத்தில் பிறந்து, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு எங்கிருந்து பஸ் கிளம்பும்? சாலை என் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது என்று இத்தனை வயதுவரை நினைத்திருக்கிறேன். கடைசிப் பாடத்தை முதலில் வைத்து, முதல் பாடத்தைக் கடைசியில் வைத்து, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் காட்டியிருக்கிறேன்.

துறைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தப் பாடத்தின் மேல் ஏற்கனவே ஒரு தரக் குறிப்பும் இருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கி, கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. நான் எழுந்தேன்.

"எழுதுனது நான்தான் சார். ஒரு பாடத்தக்கூட முழுசாக் கேக்காம எழுதினேன். அது தப்பு. அந்தக் குறிப்ப எடுத்துருங்க. எனக்குச் செத்த நேரம் குடுங்க, சரியா அடுக்கிக் காட்டுதேன்."

முதல்வரம்மா டீ இடைவேளையைக் கொடுத்தார். நானும் அட்டெண்டர் அக்காவும் உட்கார்ந்து பஸ்ஸைத் திருப்பினோம். அவர் நிறுத்தம் சொல்லச் சொல்ல நான் இழுத்து வைத்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து, தொடக்கத்தை மட்டுமாவது கேட்டு, தலைப்பையும் பக்கத்தில் எழுதினேன். வத்திராயிருப்பு, சராசரி. கிருஷ்ணன்கோவில், முகடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பாடம் மட்டும் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டேன். அங்கேதான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்றார் அவர். பாடத்திட்டத்திலேயே பெரிய தலைப்பான ஒட்டுறவை நீ அந்தக் காத்திருப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அசந்துபோனேன்.

இரண்டாவது முறை போட்டபோது முதல்வரம்மா தானாகவே கை நீட்டி, "மடவார் வளாகத்தப் போடுங்க, என் வீடு அங்கதான்" என்றார். போட்டேன்.

"நம்ம பஸ்ஸு எட்டே காலுக்கு வரணும். ஒரு நாளு எட்டுக்கே போயிருது, ஒரு நாளு எட்டரைக்கு வருது. சராசரி பாத்தா சரியான நேரம்தான். ஆனா நம்பி நிக்க ஏலுமா? எம்புட்டு நம்ப ஏலாதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றதுதான் திட்ட விலக்கம்."

இந்த முறையும் சிரித்தார்கள், ஆனால் இது வேறு சிரிப்பு. ஒருவரும் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை. சிவகாசிப் பக்கத்துக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர் பேனாவை மூடிவிட்டு, இதைத் தன் பிள்ளைகளுக்கும் தர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதும் இன்னொருவர் கேட்டார். கடைசியில் உன் பாடம் ஐந்து கல்லூரிக்கும் போயிற்று. எத்தனையோ லட்சணமான பாடங்கள் கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தன, என்னுடையதும் சேர்த்துத்தான். அவற்றில் எதையும் யாரும் கேட்டு வாங்கவில்லை. அன்றைக்குக் கல்லூரி வாசலில் நின்று அட்டெண்டர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைக் கேட்டு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

புதுத் தளத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, விதி அப்படி. தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். அதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்ட வைத்துவிட்டுத்தான் துறைத் தலைவரை எழுந்திருக்க விட்டேன். தர மதிப்பீடு என்ற கட்டத்தில் முதல்வரம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகிறது. நான் புள்ளியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் உன் பாடத்தை இரண்டு முறை கேட்டுவிட்டுப் போகிறேன். இரண்டு முறை கூட்டினாலும் இப்போது ஒரே விடைதான் வருகிறது. போன இரண்டு பருவமும் கணக்குத் தாளில் தோற்றுப்போயிருந்த வத்திராயிருப்புப் பிள்ளை ஒருத்தி, போன வாரத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள்.

அதே வகுப்பில், ராஜபாளையத்துக்கு மறுபக்கம் தேவதானத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள். "மேடம், எல்லாம் அந்தப் பக்கத்து ஸ்டாப்பாவே இருக்கு. எங்க பக்கத்துல இருந்தும் பஸ்ஸு வருதுல்லா? எங்களுக்கு இல்லியா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். தேவதானத்தில் ஏறுகிறவள் ஏன் வத்திராயிருப்பில் பாடம் தொடங்க வேண்டும்? இப்படிக் கேட்கிற பிள்ளையை உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

சனிக்கிழமை நானே தேவதானம் போய் அந்த பஸ்ஸில் கடிகாரத்தோடு உட்கார்ந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாடத்தைப் பதிவு செய்தேன். எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன், சட்டப் புத்தகம் மாதிரி இருந்தது. தாளைத் தூரப் போட்டுவிட்டு உன்னிடம் பேசுகிற மாதிரி பேசினேன். "ஏ புள்ளைகளா, உக்கார எடம் கெடச்சிச்சா?" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் தடங்கலே இல்லை. என் பேச்சில் இத்தனை ஊர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடிகாரக் கணக்கில் பஸ் சேத்தூர் வருவதற்குள் சராசரி முடிந்துவிட்டது.

முடித்துவிட்டு, முதல் முறையாகக் கூச்சமில்லாமல் என் குரலை நானே கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. உன்னுடையது அன்றைக்கே நன்றாகத்தான் இருந்தது, ஏட்டி.