பத்தாம் நம்பர் ஸ்பானர்

என் அன்பான இஞ்சாருங்கோ,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அந்தப் பெயரை எழுத வரவில்லை. கேட்கிறீர்களா?

தையில் நீங்கள் போனதிலிருந்து கார் வாசலிலேயே நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. பழுதென்றால் ஹரோவில் இருந்த உங்கள் சிநேகிதர் வீட்டுக்குத்தான் கொண்டுபோவீர்கள். அவரும் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். நம் வீட்டில் ஒரு குறடுகூட இல்லை.

பங்குனியில் உங்கள் தம்பி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"சும்மா நிண்டு கறள் பிடிக்குது அண்ணி. வாற ஞாயிறு வாங்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறன், குடுத்து விடுங்கோ. உங்களுக்கு இதெல்லாம் ஏலாது."

"ஓம்" என்றேன். அவர் போன பிறகு ஜன்னலருகில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடமும் வெறுமையானால், இந்தத் தெருவில் நீங்கள் இருந்ததற்கு என்ன அடையாளம்?

அடுத்த நாள் வேலை முடிந்ததும் தோர்ண்டன் ஹீத் பெரிய தெருவில் இருக்கும் கார் சாமான் கடைக்குள் போனேன். நரைத்த தலை வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பற்றரியில் சார்ஜ் இறங்கியிருக்கும் என்றார். சார்ஜரும் கம்பிப் பிரஷும் எடுத்துத் தந்தார். ஸ்பானரைச் சுவரிலிருந்து நானே எடுத்தேன். அதற்கும் செருப்பைப் போல அளவு உண்டென்று எனக்கு எங்கே தெரியும்?

"கணவர்தானே கழற்றிப் பூட்டப் போகிறார்?" என்று கேட்டார்.

அவர் இல்லை என்று நாம் சொல்வோமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டில் இல்லை என்று விளங்கிக்கொண்டார்.

"வந்ததும் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்."

தலையாட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீடு வந்து சேரும்வரை நீங்கள் வேலைக்குத்தான் போயிருந்தீர்கள்.

ஸ்பானர் நட்டில் பிடிக்கவேயில்லை, பெரிது. சனிக்கிழமை காலை மாற்றப் போனேன்.

"என்ன சொன்னார் உங்கள் கணவர்?" என்று அவர் சிரித்தபடி கேட்டார்.

மோசம் போயிட்டார், விட்டுட்டுப் போயிட்டார் என்று தமிழில் எத்தனை பேருக்கு எத்தனை விதமாய்ச் சொல்லியிருப்பேன்! ஆங்கிலத்தில் எனக்கு ஒரு சொல்தான் தெரியும். "ஹி இஸ் டெட்" என்றேன். "நான்தான் பூட்டப்போகிறேன்."

அவர் சிரிப்பு நின்றது. மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சின்ன ஸ்பானர் ஒன்றை எடுத்தார்.

"பத்தாம் நம்பர். அப்படியானால் உங்களுக்குத்தான் காட்ட வேண்டும். கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாக."

தூறலில் நின்று பற்றரியைக் கழற்றினேன். முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தேன். அந்தப் பாரத்தைத் தூக்கி வந்து, பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்படியில் சார்ஜரோடு இணைத்தேன். அது மெல்ல இரைந்துகொண்டு கிடந்தது. வீட்டுக்குள் என்னைத் தவிர இன்னொரு சத்தம். எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல நித்திரை.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, இருக்கையின் ஓரத்தில் ஒண்டியபடி சாவியைத் திருப்பினேன். இருமியது. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டேன். அந்நேரம்தான் உங்கள் தம்பி அந்த ஆளோடு வந்தார்.

"ஆர் அண்ணி செய்தது?"

"நான்தான். நான் விக்கேல்லை தம்பி. குறை நினைக்காதேங்கோ."

வந்தவரை அனுப்பிவிட்டு, பொனட்டில் கையை வைத்தபடி நின்றார். "இந்தச் சத்தம் கேக்க அண்ணை வாறமாதிரிக் கிடக்கு" என்றார். பொனட்டை மெல்லத் தட்டிவிட்டுப் போனார்.

லைசென்ஸ் இருந்தும் நீங்கள் இருக்கையில் நான் ஓட்டியதேயில்லை. ஏறி நேராக உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கை உங்கள் நீளக் கால்களுக்கேற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. முன்னுக்கு இழுத்தால்தான் ஓட்டலாம். இழுத்தால் நீங்கள் கடைசியாக உட்கார்ந்த இடம் இல்லாமல் போய்விடும். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் அப்படியே இருந்தேன்.

பிறகு இழுத்தேன். கோபமில்லையே?

குரொய்டன் வரை தனியே போய் வந்தேன். இனி ஞாயிறுதோறும் ஓட்டுவேன். இந்தப் பற்றரியை இன்னொரு தரம் சாகவிட மாட்டேன்.

உங்கள் மனிசி,
யோகம்