வண்டிக்குள் மட்டும் பேசுகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பால் வாங்கப் போன வழியில் கடைப் பலகை ஒவ்வொன்றையும் நின்று படித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. "பால் வாங்கப் போனீங்களா, கறக்கப் போனீங்களா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேன். ஐஸ் கிடங்கில் பெட்டி தூக்கிய காலமெல்லாம் எழுத்துகள் எனக்குச் சுவரில் ஊரும் எறும்புகள்தான். இப்போது ஒவ்வொன்றும் நின்று பேசுகிறது. முதியோர் வகுப்பு டீச்சரம்மா தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தான் வருகிறது. எனக்கென்ன அவசரம்?

மகள் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறாள். பழையது. சின்ன எஸ்.யு.வி. என்கிறாள். எல்லாம் அவள் அம்மாவுக்காகத்தான். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவிக்குப் பேச்சில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாடகைக் காரில் போய் வருகிறோம். தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க அவள் முழங்கால் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. வண்டி உயரமாக இருந்தால் நின்றபடியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம்.

மார்ச் 5, வியாழன்

வண்டியைப் பார்த்தோம். வெள்ளை நிறம். மெக்கானிக்கையும் கூட்டிப்போயிருந்தோம். மூக்கன் என்றால்தான் அவரைத் தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "வெள்ளத்துல நின்ன வண்டின்னா எத்தனை சென்ட் அடிச்சாலும் காட்டிக் குடுத்துரும்." வாடை இல்லை. இன்ஜின் சுத்தம், டயர் பரவாயில்லை. பிறகு சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பழசு. முன்னாடி பக்கத்து சீட்டுக்கு மட்டும் புதுசு போட்டிருக்கீங்களே?"

"நாய் கடிச்சிருச்சுண்ணே," என்றார் வியாபாரி.

"நாயா? முன் சீட்டுல பெல்ட்டு போட்டு உக்காந்து வந்துச்சாக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். வியாபாரியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

பின் சீட்டில் ஓரிடத்தில் மெத்தை அழுந்திக் கிடந்தது. குழந்தை சீட் வைத்திருந்த தடம் என்றார் மூக்கன். மகளின் ஸ்கூட்டரை அங்கே விட்டுவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்து வந்தோம்.

மார்ச் 6, வெள்ளி

எழுத்துகள் கோணலாக வருகின்றன. சந்தோஷத்தில்தான்.

அவள் பேசிவிட்டாள்!

முன் சீட்டில் அவளை உட்கார வைத்தோம். நான் பின்னால், அந்தப் பள்ளத்தில். வண்டி தெருமுனையைத் தாண்டியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "பெல்ட்டு போட்டியா கண்ணு?"

மகள் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். தடவித் தடவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போட்டுட்டேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சிப் பார்த்தோம். ஒரு சொல் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் "இந்தாய்யா"தான். கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதனால் என்ன? என்னவென்று கூப்பிட்டால்தான் என்ன?

மார்ச் 7, சனி

இன்றும் பேசினாள். இன்ஜின் ஓடும்போது மட்டும். மகளைப் பார்த்து, "ஏங்க, மெதுவாப் போங்க. அவன் தூங்கிட்டான் போல" என்றாள்.

நான் தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தேன்.

பிறகு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். என் முழங்காலைத் தேடுகிறாள் என்று முன்னால் நகர்ந்தேன். கை அங்கே வரவில்லை. அதற்கு மேலே, வெறும் காற்றில், எதையோ பிடித்து லேசாக ஆட்டியது. ஒரு சின்னக் காலைப் பிடித்து ஆட்டுவது போல.

"பசிக்குதா கண்ணு?"

"இல்ல," என்றேன். கை முன்னால் போய்விட்டது.

மார்ச் 9, திங்கள்

பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் சொன்னோம். ஆச்சரியப்பட்டார். "சில பேருக்கு இப்படித்தாங்க, ஏதாவது ஒரு எடத்துல திறந்துக்கும். எந்த வார்த்தையா இருந்தாலும் வரட்டும், விட்டுடாதீங்க." அவர் அறையில் அரை மணி நேரம் முயன்றும் ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது அவள் வழியெல்லாம் பேசினாள். சாயம் போன நீலச் சட்டை, ஒளித்து வைத்த செருப்பு, பல் விழுந்த கதை. எங்களுக்கு ஒரே மகள்தான். அவள் நீலச் சட்டை போட்டதே இல்லை.

குரல் அவளுடையதுதான். பேசும் வேகம்தான் வேறு. இளம் பெண்ணின் வேகம்.

மார்ச் 10, செவ்வாய்

சண்டை. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாள் மகள்.

"அப்பா, அது அம்மா இல்ல."

"பின்ன யாரு? உன்னைப் பெத்த தாயிடி அவ!"

"என்னை ஏங்கன்னு கூப்பிடுறாங்கப்பா. ஸ்டியரிங்கப் புடிக்கவே உடம்பு கூசுது."

"உனக்குக் கூசுது. நான் ஒரு வருஷமா செவுத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கேன், அது தெரியுமா உனக்கு?"

அழுதாள். நானும்.

மார்ச் 11, புதன்

நான் மட்டும் வியாபாரியிடம் போனேன். முன் சீட்டில் இருந்தது யார் என்று கேட்டேன். ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி லேசா இடி வாங்கின வண்டிதாங்க. ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகல."

"பக்கத்துல இருந்த பொண்ணுக்கு?"

துணியை மடித்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பின்னாடி இருந்த பையன்?"

துணி நின்றது. "பையன் இருந்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

நான் சொல்லவில்லை. சொன்னால் நம்புவாரா?

"அவன் நல்லா இருக்கான். பெல்ட்டு போட்டிருந்தான், பொழச்சான். அந்தம்மாவுக்கு அது தெரியறதுக்கு முன்னாடியே..." பாதியில் நிறுத்தினார். பிறகு, கேட்காமலே விலையைக் குறைத்தார்.

மார்ச் 12, வியாழன்

வாங்கிவிட்டோம். விலையைச் சொல்லி மகளைச் சம்மதிக்க வைத்தேன். மற்றதைச் சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஒன்று பிடிபட்டது. பெல்ட் போட்டாயா என்று முதல் நாள் கேட்டவள் பிறகு கேட்கவே இல்லை. பசியும் அப்படித்தான். தண்ணீர், தூக்கம், குளிர் எல்லாமே அப்படித்தான். நான் எதற்குப் பதில் சொல்கிறேனோ அது அவளுக்குத் தீர்ந்துவிடுகிறது. கதைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரே கேள்விதான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே கண்ணு?"

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

அதே கேள்வி. நான் பேசவில்லை. நாளைக்கும் கேட்பாள்.

மார்ச் 20, வெள்ளி

"பதில் சொல்லுங்களேன்ப்பா, பாவமா இருக்கு," என்றாள் மகள். காதில் விழாதது போல இருந்துவிட்டேன். என்ன ஆள் நான்? ஆனால் அந்தக் குரல்... கேட்பது யாராக இருந்தால் என்ன, குரல் என் வீட்டுக்காரியுடையது. அதைக் கேட்கத்தானே ஏறி உட்காருகிறேன்.

மார்ச் 23, திங்கள்

இப்போதெல்லாம் நின்று நின்று கேட்பதில்லை. வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும் வரை கேட்கிறாள். பெல்ட் இறுக்கிப் பிடிக்க, உடம்பை முறுக்கி என் பக்கம் திரும்பப் பார்க்கிறாள். இறக்கிவிட்ட பிறகு பார்த்தேன், கழுத்தில் பெல்ட் அறுத்த சிவப்புக் கோடு. கன்னம் நனைந்திருந்தது. தான் ஏன் அழுதோம் என்று தெரியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை என் மனைவியுடையது. அந்தக் கழுத்தும்.

மார்ச் 24, செவ்வாய்

வண்டி தெருமுனையைத் தாண்டியதும் கேட்டாள். என் பெல்ட் இழுத்துப் பிடிக்கும் வரை முன்னால் குனிந்து, அவள் காதருகே சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. நான் நல்லா இருக்கேன்."

மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. வண்டிக்குள் சட்டென்று இடம் கூடியது போல இருந்தது. பிறகு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 25, புதன்

பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

பேசவில்லை. சுற்று வழியில் போகச் சொன்னேன். அப்போதும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பயிற்சிக்குப் போய் வந்தோம். அரை மணி நேரம் உதட்டைக் குவித்துக் குவித்து ஊதினாள். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அதுவே நல்லது என்றார் பயிற்சி அம்மா.

திரும்பும்போது மகள் கேட்டாள்: "இன்னும் எதுக்குப்பா இந்த வண்டி? குடுத்துரலாமா?"

"வேணாம். உயரம் அம்மாவோட முழங்காலுக்குத் தோதா இருக்கு," என்றேன்.

வாசலில் கதவைத் திறந்து நின்றேன். அவள் கால்களை வெளியே போட்டு, கையை என் தோளில் வைத்து, முழுப் பாரத்தையும் என் மேல் போட்டு இறங்கினாள்.