மாடி ஏறாதவர்

ஜூன் 4

என் வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன், கோபத்தில் இருக்கிறேன். போன் செய்தால் "ம், சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று வந்தீர்களாமே. பேரன் முகம் பார்த்துச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான், தாத்தா இன்னும் மாடி ஏறவில்லை. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பையை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்து, "பெரியவர் ரொம்ப நேரம் நின்னாரும்மா. மேல போங்கன்னேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு" என்றார். நீங்கள் என்ன கூரியர் ஆளா? ஜன்னலுக்கு ஓடினேன். தெருமுனையில் உங்கள் முதுகுதான் தெரிந்தது.

மகள் பையிலிருந்த குட்டிச் சட்டைகளைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, "அப்பாவுக்கு எங்களப் பிடிக்கலையாம்மா?" என்றாள். மாப்பிள்ளை எதிரில் எனக்குத் தலை குனிந்துபோயிற்று. என் மேல் வெறுப்பு என்றால் அது என்னோடு போகட்டும். அந்தக் குழந்தை என்ன செய்தது?

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 9

என் தையல்காரிக்கு,

உன் மேல் வெறுப்பா? அதைப் படித்ததும் சோறு இறங்கவில்லை.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அன்று மாடிப்படி வரை வந்தேன். மேலேயிருந்து ஒரு பெண் இறங்கினாள். என்னைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், கால் திரும்பிவிட்டது. பசை ஆலையில் எலும்பும் தோலும் வேகிற கொப்பரையைக் கிளறிய ஆள் நான். அந்த நாற்றம் தோலோடு ஊறியது. பால் மணம் மாறாத பிள்ளையை இந்தக் கையால் எப்படித் தூக்குவேன்?

இப்போது எடைமேடையில் லாரி எடைதானே பார்க்கிறீர்கள் என்பாய். இன்னொன்றும் கேள். அந்தப் பெரிய காய்ச்சலோடு எனக்கு மூக்கு செத்துப்போயிற்று. மல்லிகையும் ஒன்று, மண்ணெண்ணெயும் ஒன்று. உன்னிடம் மறைத்துவிட்டேன். நாறுகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதனால் நாறுகிறேன் என்றே வைத்துக்கொண்டேன். போன வாரம் வெட்கத்தை விட்டு, கூட வேலை செய்கிற மொட்டையிடம் கழுத்தை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னேன். "சோப்பு வாசனைதாண்ணே, எனக்குத் தலையே சுத்துது" என்றான். அவனும் கொப்பரையில் இருந்தவன்தானே, அவன் மூக்கும் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு ஆபரேஷன் ஆனபோது, "புண்ணு ஆறுற வரைக்கும் சுத்தபத்தமா இருக்கணும்" என்றாளே அந்த நர்ஸ், என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அன்று பாயைக் கூடத்தில் போட்டவன்தான். புண் ஆறிய பிறகும் உள்ளே வர எனக்கு முகமில்லை. நீ மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, நல்ல காற்றாவது சுவாசிக்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இதை மகளிடம் காட்டாதே.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 14

என் வீட்டுக்காரருக்கு,

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகள் தட்டினாள், குழாய் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? மார்பை எடுத்துவிட்டார்கள், இனி இவளிடம் என்ன இருக்கிறது என்றுதான் நீங்கள் கூடத்துக்குப் போனீர்கள் என்று. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், என் சட்டைக்கு உள்ளே துணி வைத்துத் தைத்துக்கொண்டேன், உங்கள் கண்ணுக்குக் குறை தெரியக்கூடாது என்று. நீங்கள் தலைகுனிந்து என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இங்கே தங்கிவிட்டதும் அதனால்தான். பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்பது சாக்கு. ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு பேயை வளர்த்திருக்கிறோம். இந்த வயதில் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கொப்பரை நாட்களில் நாறினீர்கள், பொய் சொல்லமாட்டேன். கல்யாணமான புதிதில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுத்தேன். அதற்காக நான் பாயைத் தூக்கிக்கொண்டு போனேனா? எடைமேடைக்கு மாறிய பிறகு சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் கிடையாது. மொட்டை சொன்னது சத்தியம். கைக்குட்டைக்காரி எங்கள் எதிர்வீட்டுப் பெண், அவளுக்கு ஜலதோஷம். என் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இனி அதை நம்புங்கள்.

நான் என்னைப் பற்றி நினைத்தது சரியா தப்பா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காகிதத்தில் வேண்டாம், நேரில்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 21, வாட்ச்மேன் கையில்

தையல்காரிக்கு,

கீழேதான் நிற்கிறேன். காகிதமும் பேனாவும் வாட்ச்மேனுடையது. "இன்னைக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சா பெரியவரே?" என்று சிரிக்கிறார்.

நீ சொன்னதை நம்புகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பஸ்ஸே காலிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. காலையில் சோப்பைக் கையில் எடுத்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். சோப்பு எதையும் மறைத்துவிடக்கூடாது என்று வெறும் தண்ணீரில்தான் குளித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். சகிக்காமல் குனியவில்லை, என் மூச்சு உன் மேல் படக்கூடாதே என்று குனிந்தேன். நீ மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போது கூடத்திலிருந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முதல் படியில் நிற்கிறேன். மேலே ஏற இன்னும் கூசுகிறது, ஆனால் ஓடமாட்டேன். நீ இறங்கி வா. எனக்காக அந்தத் துணி வைத்த சட்டை வேண்டாம். கிட்டே நின்று மோந்து பார்த்துச் சொல். அப்புறம் பிள்ளையைத் தூக்குகிறேன்.

உன் வீட்டுக்காரன்