மாடிக்கு வராத நாற்காலிக்காரர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? என் ரெண்டு காலும் கல்லு மாதிரி திடமா இருக்கு. நான் சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கிற போட்டோவை யாராவது காட்டினா பதறாதே.

எங்க ஹோட்டல் மாடியில சேவைச் சங்கத்துப் பெரிய மனுஷங்க மூக்குமுட்டத் தின்னுட்டு, நடக்க முடியாத ஒருத்தருக்கு நாற்காலி தானம் பண்ணக் கூப்பிட்டிருந்தாங்க. லிஃப்ட் கிடையாது. அவர் எப்படி ஏறுவாரு? இறங்கிப் போக இதுகளுக்கு உடம்பு வணங்கல. தட்டு கழுவிட்டிருந்த என்னை உட்கார வெச்சு போட்டோ எடுத்தாங்க. தலைவரோட சம்சாரம் என் தலையைத் தடவினதும் கண்ணு கலங்கிடுச்சு. “நன்றியில அழறான் பாருங்க”ன்னு ஒரே கைதட்டல். தூ! அப்புறம் அந்த நாற்காலியை நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போய் கீழே காத்திருந்த அவர்கிட்ட குடுத்தேன்.

தலையணைக்கு உறை இல்லம்மா. உன் பழைய சேலை ஒண்ணு அனுப்பு. தட்டு குவிஞ்சிருச்சு, கூப்பிடுறாங்க. சேலையைத் துவைக்காம அனுப்பு.