வாசலில் அடித்த பெயின்ட்

ஜனவரி 11, சனி

சாலைக் கடைத்தெருவில் பழைய அரிசி மண்டி ஒன்று காபிக் கடையாகியிருக்கிறது. ஓட்டுக்கூரையை விட்டுவைத்து மீதி எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்துக் காபி வந்தது. ஆறிப்போயிருந்தது. கேட்டால், “இது ஒரு அனுபவம் மேடம்” என்கிறான் கொண்டுவந்த பையன். ஆறின காபிக்குப் பெயர் அனுபவமா? அப்படியே எழுதி, நான் பத்தி எழுதும் இணைய இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் அனில் போன் செய்தார். “சேச்சி, ஏரியா இப்பத்தான் எழும்பி வருது. ஏதாவது நல்லதும் எழுதக்கூடாதா?”

நல்லது இருந்தால் எழுதமாட்டேனா?

ஜனவரி 19, ஞாயிறு

இப்போது கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள், எங்கள் தெருவிலேயே, இரண்டு வீடு தள்ளி ஆர்ட் கேலரி. உள்ளே நடுக்கூடத்தில் ஓர் ஆட்டுக்கல்லை மேடையில் ஏற்றி, ‘தொடாதீர்’ என்று அட்டை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். படுத்தபடியே சிரித்தார். “தொடாம எப்படிடீ அரைப்பா?”

கேலரி நடத்தும் மாளவிகா பின்னாலேயே வந்தாள். தெரு முழுக்க வாசலில் பெயின்டில் கோலம் போடப் போகிறார்களாம், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக. என் வீட்டுக்காரர் சாய் உடனே சரி என்றார். எனக்கும் விடிகாலையில் குனிய வேண்டாமே என்றிருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

பெயின்ட் காய்ந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி நல்லதாக எழுதினேன். அனிலுக்குச் சந்தோஷம்.

பிப்ரவரி 1, சனி

சாயின் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பிப்ரவரி 3, திங்கள்

விடிவதற்கு முன் போய்விட்டார். நானும் சாயும் பக்கத்தில் இருந்தோம். வீடு பூட்டியே கிடந்தது.

காலையில் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது இரண்டு பெண்கள் கோலத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா என்று டிரைவரிடம் கேட்டாள் ஒருத்தி. எழுந்திருடீன்னு கத்தினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

சாவு வீட்டு வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோலம் — கல்யாண வீடு மாதிரி!

பிப்ரவரி 5, புதன்

கரமனையிலிருந்து ஸ்ரீலட்சுமி மாமி துக்கம் கேட்க வந்தார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. வந்ததும் அழவில்லை, என்னைக் கோபித்துக்கொண்டார்.

“திங்கக்கிழமை விடிகாலம் முதல் பஸ்ஸுல வந்து இந்த வழியாத்தான் கோயிலுக்குப் போனேன். உடம்பு சரியில்லைன்னு தெரியும், அதனால உங்க வாசலைப் பாத்தேன். கோலம் இருந்தது. ஒண்ணும் இல்லை, சூடாமணி நன்னாத்தான் இருக்கான்னு நெனச்சுண்டு போயிட்டேனே! வாசல் வெறுமன கெடந்தா பக்கத்து ஆத்துல கேட்டிருக்க மாட்டேனா? மொகத்தையாவது பாத்திருப்பேன்.”

கோலமில்லாத வாசல் என்றால் உள்ளே துக்கம், இல்லை திவசம். இந்தத் தெருவில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். அந்த வாசலுக்குத்தான் பெயின்ட் அடிக்க விட்டோம். விட்டு, பாராட்டி எழுதினேன் நான்.

மாமி போனதும் நாலு சாக்கை விரித்து மூடினேன். சாயங்காலமே மாளவிகா வந்து நின்றாள்.

“ஞாயிறாழ்ச்ச பெரிய குரூப் வருது சேச்சி. அன்னைக்கு மட்டும் சாக்கை எடுத்துடலாமா?”

“எங்காத்துல சாவு.”

“அறியும் சேச்சி. ஆனா தெரு முழுக்க ஒண்ணுபோல இருந்தாத்தானே...”

கதவை அவள் முகத்திலேயே சாத்தினேன். சாய், “அவகிட்ட கோவிச்சுண்டு என்ன பண்றது, விடு” என்கிறார். விடமாட்டேன்.

பிப்ரவரி 15, சனி

பதிமூன்றாம் நாள், சுபம்; தீட்டுக் கழிந்தது. கோலம் போடலாம் என்று சாக்கை எடுத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. எதுவுமே நடக்காத மாதிரி பளபளவென்று இருந்தது. “போட்டபடியே இருக்கே, வேலை மிச்சம்” என்றார் வந்த உறவுக்காரர். அவர் இலையில் பாயசம் விடாமல் தாண்டிப் போனேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சாலைக் கடைத்தெருவில் தாணுலிங்கம் அண்ணாச்சியின் பெயின்ட் கடை இன்னும் பெயின்ட் கடையாகவே இருக்கிறது. “தின்னர் மட்டும் போதாதும்மா, கம்பி பிரஷும் கொண்டுபோங்க” என்றார். சாயங்காலம் வரை தேய்த்தேன். கை எரிகிறது. ஒரு குரூப் நின்று என்னைப் படம் பிடித்தது. பிடிக்கட்டும். மாளவிகா கேலரி வாசலில் நின்று பார்த்தாள்.

எதிர்வீட்டு திவ்யலட்சுமி வந்தாள். “முடிஞ்சதும் பிரஷை எனக்குத் தரேளா?”

மார்ச் 21, வெள்ளி

காலையில் எதிர்வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. திவ்யலட்சுமியின் மாமனாருக்குத் திவசம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஸ்ரீலட்சுமி மாமி நின்றார். எதிர்வீட்டைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு எங்கள் வாசலில் குனிந்து, நான் போட்டிருந்த கோலத்தை விரலால் தொட்டார். மாவு ஒட்டியது. அப்படியும் படியேறி உள்ளே வந்தார்.

“எல்லாரும் நன்னா இருக்கேளா?” என்று கேட்டு, சாயையும் என்னையும் கண்ணால் பார்த்த பிறகுதான் போனார்.