சர்ச் வாசலில் என் பூட்ஸ்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கால்முட்டு வேதனை குறைந்ததா? எனக்குச் சுகம்தான். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் வயல்காட்டில் நடப்பதற்கென்றே ஒரு திருவிழா வைக்கிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, கூட ஒரு வழிகாட்டியும் வருவார். லீவு நாளில் பேச ஆள் கிடைக்குமே என்று 'எளிது' பிரிவில் சேர்ந்தேன். வழி முழுக்கச் சாணிச் சகதி. ஆட்களைவிட நாய்கள் அதிகம். எல்லாரும் நாய்களோடுதான் பேசினார்கள்.

முடிவில் ஒரு சர்ச்சுக்குள் டீ. "செருப்ப வெளிய போடுலே மக்கா" என்று நீங்கள் சொல்லிச் சொல்லிப் பழகின கால் அல்லவா, பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். மற்றவர்கள் சாணிக் காலோடு உள்ளே உட்கார்ந்து கேக் தின்றார்கள். வெளியே வந்தால், ஒரு நாய் என் பூட்ஸுக்குள் மோண்டுகொண்டிருக்கிறது.

"வெளியே கிடந்ததால் யாரோ வேண்டாமென்று போட்டது என்று நினைத்தேன்" என்றாள் நாய்க்காரி. பூட்ஸை அங்கேயே போட்டுவிட்டு, சகதியில் நனைந்த சாக்ஸோடு பஸ் ஏறினேன்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஒரு ரப்பர் செருப்பு கொடுத்துவிடுங்கள். டியூட்டிக்கு நேரமாகிறது. நம் வாசலில் கிடக்கும் என் பழைய செருப்பை யாரும் வேண்டாததென்று எடுத்து எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன்,
ஷாஹுல்